நிறைவேறிய திருத்தமும் நடைமுறைக்கு வராத பிரிவும்

1977 மார்ச் 24-ஆம் தேதி மொரார்ஜி தேசாய் தலைமையில் பதவியேற்ற ஜனதா அரசின் முன் நின்ற முதன்மையான பணி, நெருக்கடி நிலைக் காலத்தில் பறிபோன குடியுரிமைகளை மீட்டுத் தருவதாகும். பத்திரிகைகளைக் கட்டுப்படுத்திய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டே நீக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறைவைக்கப் பயன்பட்ட 'மிசா' சட்டம் 1978-இல் ரத்தாயிற்று.

சட்டத்தை நீக்குவது எளிது. அதற்கு இடந்தந்த அரசியல் சட்ட விதிகளைச் செப்பனிடுவதே கடினம். 'மிசா' கைதிகள் ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றத்தை நாட இயலாது என 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவருள் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அத்தீர்ப்பு 2017-இல்தான் அந்நீதிமன்றத்தாலேயே தவறென ஒதுக்கப்பட்டது.

இந்நிலை மீண்டும் நேராதிருக்க 44-வது திருத்தம் வகை செய்தது. நெருக்கடி நிலைக்குக் காரணமாகக் கூறப்பட்ட 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சொற்கள் அகன்று, 'ஆயுதமேந்திய கலகம்' என்பது இடம்பெற்றது. அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் கிடைத்தாலன்றிக் குடியரசுத் தலைவர் பிரகடனம் வெளியிட முடியாது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் தேவை. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21-வது விதியை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க இயலாது.

இத்திருத்தத்தின் 3-வது பிரிவு தடுப்புக் காவலைப் பற்றியது. ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி ஒருவரைக் காவலில் வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாக அது குறைத்தது. குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்க வேண்டும். பதவியிலுள்ள நீதிபதியே அதன் தலைவர். ஏனையோர் பதவியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிகள்.

ஆனால் எப்பிரிவு என்று நடைமுறைக்கு வரும் என்பதை மத்திய அரசின் அறிவிக்கைக்கே திருத்தம் விட்டுவிட்டது. பெரும்பாலான பிரிவுகள் 1979 ஜூனில் அமலுக்கு வந்தன. 3-வது பிரிவுக்கு மட்டும் அறிவிக்கை பிறக்கவில்லை. அதை இயற்றிய அரசே அறிவிக்காமல் அடுத்த மாதம் பதவி விலகியது. பின்வந்த அரசுகள் எதுவும் அறிவிக்கவில்லை. 1980-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டமோ, நீதிபதியாகும் தகுதி பெற்றவர் ஆலோசனைக் குழுவின் உறுப்பினராக இருந்தாலே போதும் என்றது. ஏ.கே. ராய் வழக்கில் இந்தத் தாமதம் எடுத்துக்காட்டப்பட்டது. எனினும், அறிவிக்கை வெளியிடுமாறு அரசுக்கு ஆணையிட இயலாது என 1981 டிசம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர்.

அரசியல் சட்டத்தின் அதிகாரபூர்வப் பதிப்பில் 22-வது விதி பழைய வடிவிலேயே அச்சாகி வருகிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வாசகம் அடிக்குறிப்பில் இருக்கிறது.