நூற்றுக்கு இருபது: ஒரு தோட்டக் கொம்பனியின் கணக்கு

லிந்துலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், தோட்டக் கொம்பனியொன்றின் ஆண்டறிக்கையை என் முன்னால் விரித்தார். "சேர், நூத்துக்கு இருபது உழைச்சிருக்காமே. ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசுல கொஞ்சம் இதுல போடலாமா?"

அவர் விரல் நின்ற இடம் 'உரிமை மூலதன வருவாய் வீதம்'. வட்டியும் வரியும் போக மிஞ்சும் இலாபத்தைப் பங்குதாரரின் சொந்த மூலதனத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது. சொந்த மூலதனம் என்றால் மொத்தச் சொத்தில் கடன்களைக் கழித்த மிச்சம். பங்குதாரர் கைக்கு வரும் பங்கிலாபம் வேறு.

நானாவின் கடையையே உதாரணமாக எடுத்தேன். வரியை விட்டுவிடுவோம். சொந்தக் காசு 10 இலட்சம், இலாபம் 2 இலட்சம் என்றால் 20 வீதம். அதே கடையில் சொந்தக் காசு 5 இலட்சமும், 12 வீத வட்டிக்கு வாங்கிய 5 இலட்சமும் இருந்தால்? வட்டி 60,000 போக மிச்சம் 1,40,000. வீதம் 28! வியாபாரம் ஒரு சதம்கூடக் கூடவில்லை. இலாபம் 80,000 ஆக விழும் வருடத்திலோ, கடனில்லாத கடைக்கு 8 வீதம், கடன் கடைக்கு வெறும் 4. ஷரீஆ முறைப்படி பங்குகளைப் பிரிப்பவர்கள் தொழிலோடு வட்டிக் கடனின் அளவையும் பார்ப்பது சும்மா அல்ல.

தோட்டக் கணக்கில் இன்னும் சில சங்கதிகள் உண்டு. 1992இல் அரச தோட்டங்கள் பிராந்தியக் கொம்பனிகளின் கைக்கு வந்தபோது, நிலம் 53 வருடக் குத்தகைக்குத்தான் போனது. ஆகவே மலையின் விலை அவர்களது சொந்த மூலதனத்தில் ஏறாது. வெட்டுமரங்களின் பெறுமதி கூடினால், அது அவ்வருட இலாபத்தில் சேரும். மரமோ மலையிலேயே நிற்கும், காசு வராது. கொழுந்து குறைந்த வருடத்திலும் இப்படி இலாபம் பெருத்துக் காட்டலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு உறுத்துவது இன்னொன்று. நாட்சம்பளம் செலவாகக் கழிந்த பிறகே இலாபம் வருகிறது. சம்பளம் உயராமல் கிடந்தாலும் வீதம் ஏறும். நல்ல விலைக்குத் தேயிலை விற்றாலும் ஏறும். ஏன் ஏறியது என்று அந்த எண் வாய் திறக்காது. ஐந்தாறு வருட எண்களையும் கடனையும் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும்.

நானா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். "கடன் எந்தப் பக்கத்துல சேர் போட்டிருக்கான்?"