சங்கத்திற்குப் புது வண்டி: டர்போ எஞ்சினா, சாதாரண எஞ்சினா?

மரக்காணத்து உப்பளங்களில் விளைந்த உப்பு ஒரு காலத்தில் தோணியேறிச் சென்னைக்குப் போயிற்று. 1876–78 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டி இணைக்கப்பெற்ற பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி நம்முடைய மரக்காணமேயாகும். இன்று அக்கால்வாயில் சரக்குத் தோணிகள் செல்வதில்லை. உப்பாயினும், வேர்க்கடலையாயினும், தர்பூசணியாயினும், சிறுவந்தாட்டுப் பட்டாயினும் மோட்டார் வண்டியேறியே சந்தைக்குச் செல்லவேண்டும். வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் விளைவித்தவன் கூலியிலும் நெய்தவன் கூலியிலும் கைவைக்கிறது. ஆகவே சங்கமே சொந்தமாக ஒரு வண்டி வாங்கவேண்டும் என்னும் பேச்சு அடிக்கடி எழுகின்றது.

பேச்சு எழுந்தவுடன் ஒரு சர்ச்சையும் எழுகின்றது. இளைஞர்கள், "டர்போ எஞ்சின் உள்ள வண்டியே வாங்கவேண்டும், இழுவை அதிகம்" என்கிறார்கள். பெரியவர்கள், "சாதாரண எஞ்சின் போதும், பழுது பார்ப்பது எளிது" என்கிறார்கள். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் வண்டிக்குக் கொடுக்கப்போவது அங்கத்தினர்களின் பங்குத் தொகை. மீதிக்கு வாங்கப்போவது அங்கத்தினர்கள் தலையில் விழும் கடன். ஆதலின் கைதூக்கித் தீர்மானிப்பதற்கு முன், விஷயம் இன்னதென்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நலம்.

எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும்

எஞ்சின் எண்ணெயால் மட்டும் ஓடுவதில்லை, காற்றாலும் ஓடுகிறது. ஒரு லிட்டர் டீசல் முற்றும் எரிவதற்குப் பதினாயிரம் லிட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பக் காற்று தானாக உள்ளே வருகின்றது. சிலிண்டர் கொள்ளும் அளவுக்கு மேல் அது வருவதற்கில்லை. காற்று அவ்வளவுதான் என்றால், எரிக்கத்தக்க எண்ணெயும் அவ்வளவுதான். கிடைக்கும் சக்தியும் அவ்வளவுதான்.

கொல்லன் உலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுப்பு அதே அடுப்புத்தான். துருத்தி ஊதினால் தீயின் வேகம் பன்மடங்காகிறது. டர்போ என்பது எஞ்சினுக்கு வைத்த துருத்தியே. துருத்தியை ஊத ஓர் ஆள் வேண்டும். டர்போவிற்கு ஆள் வேண்டுவதில்லை. எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கிச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. நிமிஷத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் அச்சக்கரங்கள் சுழல்வதுண்டு.

இந்த உபாயத்திற்கு 1905-ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் ஆல்பிரட் பூஹி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினியர். 1920-களில் ஜெர்மானியப் பிரயாணிக் கப்பல்கள் இரண்டில் இதைப் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் தந்த வகை எஞ்சின்கள் 2,500 குதிரைத்திறன் தந்தன. இக்காலத்தில் நமக்கு அருகில் செங்கற்பட்டு மாவட்டத்துப் பையனூரிலேயே டர்போக்கள் செய்யும் ஆலை இருக்கின்றது. எனவே இது கண்காணாத சீமைச் சரக்கு என்று அஞ்சவேண்டியதில்லை.

கடைத்தெருவில் இன்று உள்ள நிலை

நம் ஊர்களில் "குட்டியானை" என்று செல்லப்பெயர் பெற்ற டாட்டா ஏஸ் வண்டி 2005-இல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர், 16 குதிரைத்திறன், டர்போ இல்லாத டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை. 2011-இல் வந்த அசோக் லேலண்டின் "தோஸ்த்" வண்டிக்கு மூன்று சிலிண்டர், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் டர்போ டீசல் எஞ்சின். திறன் ஏறத்தாழ 55 குதிரை, சுமை ஒன்றேகால் டன். எஞ்சினின் கொள்ளளவு இரு மடங்குதான். திறனோ மும்மடங்குக்கும் மேல். இவ்வளவும் டர்போவின் வேலை என்று சொல்வதற்கில்லை; எண்ணெயை உயர் அழுத்தத்தில் பீச்சும் புதிய முறைக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் காற்றை அமுக்கித் தராவிடில் அவ்வளவு எண்ணெயை எரித்திருக்க முடியாது.

2020 ஏப்ரல் முதல் தேதி நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்தது. அதன் பின்னர்ப் புதிய டீசல் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் டர்போவுடனேயே வருகின்றன. சாதாரண எஞ்சின் பெரிதும் நிலைத்திருப்பது பெட்ரோல், இயற்கை எரிவாயு ஆகியவற்றால் ஓடும் சிறு வண்டிகளிலும், 50 குதிரைத்திறனுக்கு உட்பட்ட பெரும்பாலான டிராக்டர்களிலுமாகும். ஆகவே நம்முன் உள்ள கேள்வி உண்மையில் இதுவே: டர்போ டீசல் பிக்கப் வண்டியா, டர்போ இல்லாத சிறு வண்டியா?

நம் வேலை எத்தகையது?

டர்போவின் பெருமைகளில் ஒன்று மலையில் விளங்குவது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்து உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே சாதாரண எஞ்சின் மூச்சு வாங்கும். மரக்காணமோ கடல் மட்டத்தில் உள்ள ஊர். திண்டிவனம் சாலையிலும் மலையேற்றம் இல்லை. ஆகவே உயரத்திற்காக டர்போ என்னும் காரணம் நமக்கு இல்லை. சுமைக்காகவும் தூரத்திற்காகவும் வேண்டுமா என்பதே நாம் பார்க்கவேண்டியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ உப்பு மூட்டைகள் 100, மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகவேண்டும். போக 35 கிலோமீட்டர், வர 35 கிலோமீட்டர். முக்கால் டன் வண்டி ஒரு நடைக்கு 15 மூட்டை ஏற்றும். ஏழு நடை, 490 கிலோமீட்டர். ஒன்றேகால் டன் வண்டி ஒரு நடைக்கு 25 மூட்டை ஏற்றும். நான்கு நடை, 280 கிலோமீட்டர். பெரிய வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருமானால், சிறிய வண்டி 21 கிலோமீட்டர் தந்தால்தான் எண்ணெய்ச் செலவு அளவில் சமமாகும். இதன்மேல் டிரைவரின் ஏழு நடைப் படியையும் நான்கு நடைப் படியையும் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். உப்பு, தர்பூசணி போன்ற கனத்த சரக்கை நாள்தோறும் வெளியூருக்கு அனுப்பும் சங்கத்திற்கு டர்போ வண்டியே சிக்கனம் என்பது இக்கணக்கால் விளங்கும். சிறிய வண்டியில் 25 மூட்டையைத் திணித்து இக்கணக்கை வெல்லலாம் என்று ஒருவரும் எண்ண வேண்டாம். பிரேக்கும் டயரும் ஸ்பிரிங் பட்டையும் அதற்கு வட்டியோடு பழிவாங்கும்.

இனி மறுபக்கம். நெசவாளர் சங்கத்தின் வேலை வேறு. பாவும் நூலும் நெய்த சேலைகளும் இடத்தை அடைக்குமேயன்றி எடையில் அதிகமில்லை. அரை வண்டிப் பாரத்தோடு ஊருக்குள் நின்று நின்று போகும் வேலைக்கு டர்போவின் சக்தி பெரும்பாலும் பயனின்றிக் கிடக்கும். அவ்வாறே அளத்திலிருந்து வரப்பு வழியாக அம்பாரம் வரையில் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து செல்லும் வேலைக்கும் டர்போ டீசல் பொருந்தாது. பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுந்தூரம் ஓடிப் புகை நன்கு சூடேறினால்தான் அக்கரி எரிந்து நீங்கும். குறுநடையாகவே ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பிறகு வண்டி பட்டறையில் நிற்கும். இத்தகைய வேலைக்கு டர்போ இல்லாத சிறு வண்டியே ஏற்றது.

டிராக்டர் வாங்க நினைக்கும் விவசாயச் சங்கங்களும் இவ்வழியே யோசிக்கலாம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் உண்டு. விலையும் நுட்பமும் அதற்கேற்ப ஏறியுள்ளன. வேர்க்கடலை நிலத்தை உழுவதற்கு அவ்வளவு திறன் தேவையா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.

டர்போவின் ஆயுள் டிரைவரின் கையில்

டர்போ வண்டி வாங்குவதெனில் அதன் பழக்கவழக்கங்களையும் ஏற்கவேண்டும். அதன் அச்சு எஞ்சின் எண்ணெயின் மெல்லிய படலத்தின்மீது மிதந்து சுழல்கிறது. பாரத்தோடு விரைந்து வந்து, டீக்கடையைக் கண்டதும் டிரைவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டால், எண்ணெய் ஓட்டம் அக்கணமே நின்றுவிடும். சக்கரமோ சூடு தணியாமல் சுழன்றுகொண்டிருக்கும். அங்கே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும், அச்சு தேயும். அணைப்பதற்கு முன் ஒன்றிரண்டு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் இந்த நஷ்டம் இல்லை. புறப்படும்போதும், எண்ணெய் மேலேறுவதற்குள் முறுக்காமல் சிறிது பொறுக்க வேண்டும்.

எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும். கம்பெனி குறிப்பிட்ட தரத்துக்குக் குறைந்ததை ஊற்றலாகாது. காற்று வடிகட்டியில் கிழிசல் இருந்தால் வரப்பு வழிப் புழுதி உட்புகுந்து சக்கரத்தின் இதழ்களை அரித்துவிடும். இழுவை குறைந்து கரும்புகை வந்தால் காற்றுக் குழாயில் கசிவு உண்டா என்று பார்க்கவேண்டும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அறிந்து உடனே காட்டவேண்டும். சாதாரண எஞ்சினுக்கும் இக்கவனம் தேவையே. ஆனால் அது கவனக்குறைவைச் சற்றுப் பொறுக்கும், டர்போ பொறுக்காது.

நம் கடற்கரைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. எஞ்சினைவிட வேகமாக வண்டியின் உடலை உப்பு தின்றுவிடும். அடிச்சட்டம், பாட்டரி முனைகள், மின்கம்பி இணைப்புகள் எல்லாம் பூக்கும். டர்போ வண்டிகளில் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கட்டம் ஒன்று பெரும்பாலும் முகப்பிலேயே இருப்பதால், உப்புக் காற்று முதலில் தாக்குவது அதனையே. மாலைதோறும் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவுவது, எந்த எஞ்சினாயினும், சங்கத்திற்குப் பெரும் லாபம்.

பொதுக்குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

நிர்வாகக் குழு பொதுக்குழுவின் முன் வருவதற்குள் நான்கு செய்திகளைத் திரட்டி வரட்டும். முதலாவது, கடந்த ஓராண்டு வாடகைச் சீட்டுகளைக் கூட்டி, எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பாரம் என்னும் கணக்கு. இரண்டாவது, வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓயும் மாதங்களில் அவ்வண்டிக்கு என்ன வேலை தரமுடியும் என்பது. மூன்றாவது, டர்போ பழுதானால் மாற்றும் செலவும், அதைப் பார்க்கத் தெரிந்த பட்டறையின் தூரமும். நான்காவது, சங்கத்துச் சரக்கையே ஏற்றி நம் சாலையிலேயே ஓட்டிப் பார்த்த சோதனையின் முடிவு. வெறும் வண்டியை ஓட்டிக் காட்டுவதைக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம்.

சீட்டுகளில் கனத்த பாரமும் நெடுந்தூரமும் மிகுதியாகத் தெரிந்தால் டர்போவுக்குத் தயங்காமல் கை தூக்குங்கள். பொறுப்புள்ள டிரைவரையும் கூடவே தேடுங்கள். குறுந்தூரமும் குறைபாரமும் மிகுந்தால் சாதாரண எஞ்சினே போதுமென்று தீர்மானித்து, மிஞ்சும் பணத்தைக் கடன் சுமையில் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊர்ச் சங்கம் எதை வாங்கியது என்பது நமக்கு அளவுகோலாகாது. அளவுகோல் நம்முடைய பழைய வாடகைச் சீட்டுகளிலேயே இருக்கிறது.