விலைச்சீட்டு யுத்தம் – 7: ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம்

1984 டிசம்பர், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம். கேம்பிரிட்ஜ் நகரில் ‘பேரன் ஆஃப் பீஃப்’ என்றொரு மதுக்கடை. கிளைவ் சின்க்ளேர் சுருட்டிய செய்தித்தாளோடு கிறிஸ் கர்ரியைத் தேடிப் பிடித்துச் சாத்து சாத்தென்று சாத்தினார். முந்தைய வருடம்தான் ‘சர்’ பட்டம் வாங்கிய மனிதர். அடி வாங்கியவர் ஒரு காலத்தில் அவரிடமே வேலை பார்த்து, 1978-ல் பிரிந்துபோய் ஹெர்மன் ஹவுசருடன் சேர்ந்து ஏகார்ன் கம்பெனியை ஆரம்பித்தவர். கோபத்துக்குக் காரணம் ஒரு பத்திரிகை விளம்பரம். சின்க்ளேர் கம்ப்யூட்டர்கள் பழுதாகித் திரும்பி வருவதைக் குத்திக்காட்டி ஏகார்ன் காசு கொடுத்து அச்சடித்திருந்தது.

முதலாளிகள் இந்த லட்சணம் என்றால், பள்ளிக்கூட மைதானத்தில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் எப்படி இருந்திருப்பார்கள்? அந்த வருடங்களில் பிரிட்டனில் மூன்று கட்சிகள். சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம், ஏகார்னின் பிபிசி மைக்ரோ, அமெரிக்காவிலிருந்து வந்த கமோடோர் 64. உன் கம்ப்யூட்டரில் கலர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பான் ஒருவன். உன்னுடையதில் ஒரு கோடு போடக்கூடக் கட்டளை கிடையாது என்பான் இன்னொருவன். உங்கள் வீட்டில் இருப்பது கம்ப்யூட்டரா, வாத்தியாரா என்று மூன்றாமவனைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒருவர் மீது ஒருவர் சொன்ன குறைகள் அத்தனையும் உண்மை. ஒவ்வொரு குறையின் வாலிலும் ஒரு விலைச்சீட்டு தொங்கியது. அதை மட்டும் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

முதலில் அந்தக் கலர் சமாசாரம். ஸ்பெக்ட்ரம் திரையில் குறுக்கே 256 புள்ளிகள், நெடுக்கே 192. ஒவ்வொரு புள்ளிக்கும் ‘எரிகிறது, எரியவில்லை’ என்று மட்டும் குறித்து வைக்க 6,144 பைட் போதும். புள்ளிக்குப் புள்ளி பதினாறு வண்ணத்தில் ஒன்றை எடுத்துக்கொள் என்று தாராளம் காட்டினால் 24,576 பைட் ஆகும். ஆரம்ப மாடலில் மொத்த மெமரியே 16,384 பைட்தான்! கல்யாணச் செலவு முழுவதையும் பந்தலுக்கே கொட்டினாலும் பந்தல் பாதியில் நிற்கும் என்கிற நிலைமை.

ஸ்பெக்ட்ரமின் உள்ளமைப்பைச் செய்த ரிச்சர்ட் ஆல்ட்வாசர் ஒரு சிக்கன வழி கண்டுபிடித்தார். திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்தார். குறுக்கே 32, நெடுக்கே 24, ஆக 768 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரே ஒரு பைட். எழுத்துக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு நிறம், பளிச்சா மங்கலா, கண் சிமிட்ட வேண்டுமா கூடாதா, அவ்வளவும் அந்த ஒரு பைட்டுக்குள். மொத்தத் திரையும் 6,912 பைட்டில் முடிந்தது.

மிச்சம் பிடித்ததற்கான தண்டனை விளையாடும்போது தெரியும். பச்சை மரத்தைத் தாண்டி மஞ்சள் நிற மனிதன் நடக்கிறான் என்று வையுங்கள். அவன் கால் மரத்தின் கட்டத்துக்குள் நுழைந்ததுமே மரத்தின் அந்தத் துண்டும் மஞ்சளாகிவிடும். கடந்து போனதும் பழையபடி பச்சை. ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறத்துக்கு மேல் கிடையாது, யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். 1984-ல் வந்த ‘நைட் லோர்’ விளையாட்டில் ஒவ்வொரு அறையையும் ஒரே நிறத்தில் தீட்டியது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். பார்ப்பவர்களுக்கு என்னவோ அது ரசனையாகத் தெரிந்தது.

ஆனால் 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரமின் விலை 125 பவுண்ட். 48 கிலோபைட் மாடல் 175. அந்த விலைக்குத் தனித்தனி விசைகள் வைத்துக் கட்டுப்படியாகாது. ஒரே ரப்பர் விரிப்பு, நாற்பது விசை. தொட்டால் செத்த மீனைத் தொடுவதுபோல இருக்கும் என்று கேலி செய்தார்கள். நான் தொட்டிருக்கிறேன், மீன் அதைவிட உறுதி.

ஸ்பெக்ட்ரம் வாங்கிய வீடு, டிஸ்க் எல்லாம் வாங்க முடியாத வீடு. டேப் ரெக்கார்டரை வயர் போட்டு இணைத்து, LOAD தட்டி, கேசட்டை ஓடவிட வேண்டும். முதலில் நீளமாக ஒரு ஊளை. திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஊரும். பிறகு எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல ஒரு இரைச்சல். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறிப் பறக்கும். ஐந்து நிமிஷம் வீட்டில் யாரும் மேஜையை ஆட்டக்கூடாது. நாலே முக்கால் நிமிஷத்தில் ‘டேப் லோடிங் எரர்’ என்று வந்தால், கேசட்டைத் திருப்பிச் சுற்றி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி முதலிலிருந்து. பொறுமையைக் கற்றுத்தந்த கம்ப்யூட்டர் என்று அதற்கு ஒரு தனிப் பட்டமே கொடுக்கலாம்.

பிபிசி மைக்ரோவின் விலைச்சீட்டைக் கட்டியது வேறு ஆள். பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் தன் கம்ப்யூட்டர் கல்வி நிகழ்ச்சிக்கு ஒரு இயந்திரம் தேடியது. 1981-ன் தொடக்கத்தில் ஏகார்னுக்கு அதைக் காட்ட ஒரு வாரம்கூட அவகாசமில்லை. ஹவுசர் என்ன செய்தார் தெரியுமா? ஏகார்னின் வடிவமைப்பாளர் சோஃபி வில்சனிடம், “முடியும்னு ஸ்டீவ் சொல்றான்” என்கிற மாதிரி சொன்னார். அவருடன் வேலை பார்த்த ஸ்டீவ் ஃபர்பரிடம் போய் அதையே திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை விடியும்வரை அவர்கள் கட்டிய மாதிரிப் பலகை உயிர் பெறவில்லை. சோதனைக் கருவியோடு இணைத்திருந்த வயரைத்தான் வெட்டிப் பாருங்களேன் என்றார் ஹவுசர். வெட்டினார்கள், ஓடியது. நம் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வைத்தியம்தான்.

பிபிசி அதையே தேர்ந்தெடுத்தது; கிடைத்த பெயரோடு பள்ளிக்கூடச் சந்தையும் வந்தது. பள்ளிகள் வாங்கினால் பாதிச் செலவை அரசு ஏற்றது. அதனால் ‘மாடல் பி’ விலை 399 பவுண்டுக்குப் போனபோதும் ஏகார்ன் பெரிதாகக் கவலைப்படவில்லை. நல்ல விசைப்பலகை, பின்பக்கமும் அடிவயிற்றிலும் எதை வேண்டுமானாலும் செருக இடம், வில்சன் எழுதிய அருமையான பேசிக். ஸ்பெக்ட்ரம் பையன்கள் GO TO போட்டு அங்குமிங்கும் தாவிக்கொண்டிருந்தபோது, இங்கே ஒவ்வொரு வேலையையும் தனித்தனி உறுப்பாகப் பெயர் வைத்து எழுத முடிந்தது. நிரல் எழுதப் பழகுவதற்கு இந்த மூன்றில் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அப்பாவின் சம்பளத்தில் வாங்குவதற்கு எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

இவ்வளவு கம்பீரத்துக்கும் மெமரி 32 கிலோபைட்தான். வண்ணம் நிறைந்த திரை வேண்டுமென்றால் அதிலே 20 கிலோபைட்டைத் திரையே தின்றுவிடும். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-ல் ‘எலைட்’ விளையாட்டை இந்த இடுக்கில்தான் எழுதினார்கள். மெமரி குறைவாகத் தின்னும் இரண்டு வகைத் திரைகளை எடுத்துக்கொண்டார்கள்; மேல்பகுதிக்குக் கறுப்பு வெள்ளை, கீழே உள்ள கருவிப்பலகைக்கு மட்டும் வண்ணம். டிவி ஒவ்வொரு முறை படத்தை வரையும்போதும் பாதி வழியில் ஆளை மாற்றுவதுபோலத் திரையின் வகையையே மாற்றிவிட்டார்கள். இதைக் காட்டி பிபிசி கட்சி ஒரு வருடம் மார்தட்டியது. மறுவருடம் அந்த விளையாட்டு மற்ற இரண்டுக்கும் வந்துவிட்டது, பாவம்.

என் தலைமுறையில் பலர் முதலில் பார்த்த கம்ப்யூட்டர் இந்த பிபிசிதான் என்பது தற்செயல் இல்லை. 1984-85-ல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தது அது. மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் அதை இங்கேயே செய்தது. எங்கள் பள்ளியில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். பத்துப் பேருக்கு ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஐந்து நிமிடம் விசையைத் தட்டக் கிடைத்தால் அதிர்ஷ்டம். எதிர்க்கட்சியே இல்லாததால் சண்டை போடும் வாய்ப்பும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது கட்சிக்கு வருவோம். கமோடோரின் ஜாக் டிராமியெல் சிப் விலைக்கு அடுத்தவனை நம்பிக் கெட்டவர். எழுபதுகளில் கால்குலேட்டர் வியாபாரத்தில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடம் அடிபட்டு, 1976-ல் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் தொழிற்சாலையையே வாங்கிப் போட்டார். அதன் பலன்தான் கமோடோர் 64. 64 கிலோபைட் மெமரி. பின்னணியைக் கெடுக்காமல் தனியாக நகரும் எட்டு உருவங்கள். பாப் யானெஸ் வடிவமைத்த மூன்று குரல் சங்கீத சிப். ஸ்பெக்ட்ரம் ஒற்றைக் கீச்சுக் குரலில் கத்திக்கொண்டிருந்தபோது இது கச்சேரி செய்தது. அமெரிக்காவில் 595 டாலருக்கு வந்தது 1983-லேயே 200 டாலர் வாக்கில் இறங்கியது. அந்த அக்டோபரில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரத்தை விட்டே போனது. பழைய கணக்கு நேரானது.

சிக்கனம் இங்கேயும் ஒளிந்திருந்தது, பேசிக்கில். படத்துக்கும் இசைக்கும் கட்டளையே இல்லாத பழைய பதிப்பையே போட்டுவிட்டார்கள். திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க ஸ்பெக்ட்ரமில் BORDER 0. இதிலே POKE 53280,0. கதவைத் திறக்கச் சாவி கேட்டால் பூட்டுக் கம்பெனியின் போன் நம்பரைக் கொடுத்தமாதிரி. அந்த எண்களை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் அதையே பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த வாக்குவாதத்துக்குத் தீனி போட்டவை பத்திரிகைகள். ஸ்பெக்ட்ரம்காரர்களுக்கு 1984-ல் ‘க்ராஷ்’, கமோடோர்காரர்களுக்கு 1985-ல் ‘ஸாப் 64’. இரண்டையும் வெளியிட்டது நியூஸ்ஃபீல்ட் என்ற ஒரே கம்பெனி. இன்னொன்றும் இருக்கிறது. பிபிசி மைக்ரோவின் இதயமான 6502 சிப், கமோடோர் வாங்கிய அதே மாஸ் டெக்னாலஜி வடிவமைத்தது. மைதானத்தில் மூக்கை உடைத்துக்கொண்ட இருவர் வீட்டுப் பெட்டிக்குள்ளும் ஒரே குடும்பம்.

சின்க்ளேர் செய்தித்தாளைச் சுருட்டிய அந்த 1984-ல் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இதைவிடப் பெரிய கூத்து. ஜனவரியில் டிராமியெல் தான் வளர்த்த கமோடோரை விட்டு வெளியேறினார். ஜூலையில் பரம எதிரியான அடாரியின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை வாங்கினார். பின்னாலேயே கமோடோரின் ஷிராஸ் ஷிவ்ஜி வந்து சேர்ந்து அடாரிக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் செய்ய உட்கார்ந்தார். ஆகஸ்டில் கமோடோர் ஒரு சிறு கம்பெனியை வாங்கியது. அங்கே சிப் வடிவமைத்துக்கொண்டிருந்தவர் ஜே மைனர், பழைய அடாரி கம்ப்யூட்டர்களின் மூளை. 1985-ல் இரண்டும் கடைக்கு வந்தன. அடாரி பெயர்ப்பலகையில் கமோடோர்காரர்கள் செய்தது எஸ்டி. கமோடோர் பெயர்ப்பலகையில் அடாரிக்காரர் செய்தது அமிகா. பையன்கள் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து அவரவர் இடத்தில் நின்றுகொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள்.

(அடுத்த வாரம்: அமிகாவா, எஸ்டியா?)