தோட்டாவுக்கும் வயதாகும்

துப்பாக்கிச் சுடுதலில் குறி தவறினால் முதற்பழி சுடுபவரின் கைக்கு, அடுத்தது குழலுக்கு. பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த தோட்டாவை யாரும் அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை. ஆனால் அதற்குள் வேதிவினை ஒருநாளும் ஓய்வதில்லை. புகையற்ற வெடிமருந்தை 1884-இல் பிரான்சில் போல் வியேய் உருவாக்கினார். அதன் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் பிறந்த நாள் முதலே மெல்லச் சிதைகிறது. சிதைவில் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டுகின்றன. துலோன் துறைமுகத்தில் 1907-இல் இயேனா, 1911-இல் லிபெர்தே என இரு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடித்தபோது, கெட்டுப்போன இந்த மருந்தின் மீதே பழி விழுந்தது. அந்த வாயுக்களைப் பிடித்துக்கொள்ள இன்று டைஃபீனைல் அமைன் போன்ற பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். வெப்பம் கூடக்கூட அது விரைவில் தீர்ந்துவிடும்.

மருந்து கெடுவதற்கு வெகுமுன்பே குறி கெடத் தொடங்கும். குறி கூர்மையாக அமைய ஒவ்வொரு தோட்டாவும் மற்றதைப் போலவே எரிய வேண்டும். ஈரம் வற்றிய மருந்து சற்று வேகமாக எரியும். ஈரம் ஏறியது மந்தமாகும். குண்டைப் பற்றியிருக்கும் பித்தளைக் கழுத்தும் நாளடைவில் அதனோடு ஒட்டிக்கொள்கிறது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் இறுகுவது போல. எல்லாம் ஒரே அளவில் ஒட்டினால் பாதகமில்லை. அப்படி ஒட்டுவதில்லை என்பதுதான் சிக்கல். 600 மீட்டர் செல்வதற்குள் குண்டு சுமார் 4 மீட்டர் கீழிறங்குகிறது. வேகம் 1% மாறினாலே அது படும் இடம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தள்ளிப்போகும்.

பித்தளையின் மூப்புதான் இதில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள், ஒருமுறைகூடச் சுடப்படாமலேயே வெடிப்பு விட்டிருந்தன. பருவமழையோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. காரணம் 1921-இல்தான் தெளிவானது. தகட்டைக் குளிர்நிலையில் இழுத்து உறையாக்கும்போது பித்தளைக்குள் ஒரு விறைப்பு தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து அந்த விறைப்புள்ள இடத்தைப் பிளக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வெடிப்பு இல்லை. ஆகவே உறையை அளவாகச் சூடாக்கி விறைப்பைத் தணித்தார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் இன்றும் தெரியும் நிறமாற்றம் அந்தச் சூட்டின் தடம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத் தோட்டாக்கள் இன்றும் சுடுகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் மூடி முத்திரையிட்டு வைத்தவை நெடுங்காலம் நிலைக்கின்றன. ஆனால் வெடிப்பது வேறு, ஒரே இடத்தில் போய்ப் படுவது வேறு. முன்னதற்கான சான்றைப் பின்னதற்குக் காட்ட முடியாது. மேலும் இந்த உதாரணமே என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது: ஆயுளைத் தீர்மானிப்பது ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட வைத்திருந்த இடம். பெட்டியில் தயாரித்த ஆண்டும் தொகுதி எண்ணும் அச்சாகியிருக்கும். எத்தனை கோடைகளைத் தகரக்கூரையின் கீழ் கழித்தது என்ற குறிப்பு இருக்காது. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பவர்களே தோட்டாவை ஏதோ ஒரு மூலையில் போட்டுவிடுவது வருத்தத்துக்குரியது. பெட்டியோடு ஒரு சேமிப்புக் குறிப்பேடு வைப்பதற்குச் செலவே இல்லை. வெவ்வேறு இடங்களில் கிடந்த பெட்டிகளைக் கலக்காமல், ஒவ்வொன்றிலும் சிலவற்றை வேகமானியில் சுட்டுப் பார்த்த பிறகே போட்டிக்கு எடுக்க வேண்டும்.