சாவிகள் அனைத்தும் தொலைந்தபின்

செருகித் திருப்பும் வகையைச் சேர்ந்த பெரும்பாலான கார்ச் சாவிகளின் தலைப்பகுதியில் டிரான்ஸ்பாண்டர் எனப்படும் சிறு சில்லு பதிந்திருக்கிறது. பேட்டரி தேவைப்படாத இச்சில்லுக்கு, எஞ்சினைக் கிளப்பும் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசையில் ஆற்றலூட்ட, அது தன் அடையாளக் குறியீட்டைத் திருப்பியனுப்புகிறது. அக்குறியீடு காரின் நினைவகத்தில் உள்ளவற்றோடு பொருந்தாவிட்டால், இம்மொபிலைசர் என்னும் திருட்டுத்தடுப்பு அமைப்பு எஞ்சினை இயங்க விடாது. ஆகவே, எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் பதியப்படாத புதிய சாவி கதவைத் திறக்குமே தவிர, வண்டியைக் கிளப்பாது.

ஃபோர்டு நிறுவனத்தின் ‘பாட்ஸ்’ என்னும் இம்மொபிலைசர் முறையைக் கொண்ட பல கார்களில், பதிவான இரண்டு சாவிகள் கைவசம் இருந்தால் உரிமையாளரே மூன்றாவதைச் சேர்த்துவிடலாம். அனைத்தும் தொலைந்துவிட்டாலோ, ஸ்டியரிங்கிற்குக் கீழுள்ள ஓபிடி என்னும் பழுதறியும் இணைப்பில் ஸ்கேன் கருவியைப் பொருத்தி, பாதுகாப்புக்காக விதிக்கப்பட்ட ஏறத்தாழ 10 நிமிடக் காத்திருப்பைக் கடந்து, பழைய குறியீடுகள் யாவற்றையும் அழித்து, குறைந்தது இரண்டு புதிய சாவிகளைப் பதிந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் பதிந்தால் எஞ்சின் கிளம்பாது என்பது பலருக்கும் தெரிவதில்லை. இரண்டாவது சாவியையும் முதலிலேயே வாங்கிக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். பழைய குறியீடுகள் அழிக்கப்படுவது உரிமையாளருக்குப் பெரும் நன்மையே. தொலைந்த சாவி எவர் கையில் சிக்கினாலும் அதைக்கொண்டு எஞ்சினைக் கிளப்ப முடியாது, ஆனால் கதவை அது இன்னும் திறக்கும் என்பதால், சாவி திருடப்பட்டிருக்கும் எனச் சந்தேகம் இருந்தால் பூட்டுகளையும் மாற்றிவிட வேண்டும்.