எருமைகளில் கன்றுச் சாவும் சினை நஷ்டமும்: தடுக்கும் நாட்கள்

விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்களில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் குடியானவர்களில் அநேகர் எருமைகளையும் வைத்துப் பராமரித்து வருகின்றனர். வைக்கோல் முதலிய மட்டமான தீவனத்தையும் தின்று கொழுப்பு மிகுந்த பாலைத் தருவதில் எருமைக்கு நிகரான பிராணி வேறில்லை. ஆயினும், எருமையினால் வரவேண்டிய வருமானம் முழுவதும் வீடு வந்து சேருவதில்லை. பிறந்த கன்று ஒரு மாதத்திற்குள் இறந்துபோகிறது; வளர்ந்த மாடு மழைக்காலத்தில் திடீரென்று மாளுகிறது; ஈன்ற எருமை மறுபடியும் சினைப்படாமல் மாதக்கணக்கில் வெறுமனே தின்றுகொண்டு நிற்கிறது, அல்லது சினைப்பட்டும் கருவை வீசிவிடுகிறது.

இவை விதியின் செயல் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தடுப்பு உண்டு. அத்தடுப்பு அதிகச் செலவுடையதும் அன்று. ஆனால் ஒவ்வொரு தடுப்புக்கும் உரிய நாள் ஒன்று இருக்கிறது. அந்த நாள் கடந்தபின் அதே மருந்தினால் பயன் மிகவும் குறைந்துவிடுகிறது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கன்றுகளின் மரணம்

பிறக்கும்போது எருமைக் கன்றின் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அச்சக்தி சீம்பாலின் மூலமாகவே அதற்குக் கிடைக்கிறது. சீம்பாலிலுள்ள அந்தச் சத்தைக் கன்றின் குடல் சிதைக்காமல் உள்ளே ஏற்றுக்கொள்வது முதல் ஒரு நாள் மட்டுமே. அதிலும் முதல் சில மணி நேரமே மிகச் சிறந்தது. ஆகையால் ஈன்ற ஒன்றிரண்டு மணிக்குள் கன்று சீம்பால் குடித்தாக வேண்டும். முப்பது கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் சுமார் மூன்று லிட்டர் தேவை. எழுந்து நிற்க முடியாத கன்றுக்குக் கறந்து புகட்டவேண்டியது.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றை ஊட்டவிட வேண்டும் என்னும் வழக்கம் பல கிராமங்களில் இன்னும் இருந்து வருகிறது. இதனால் கன்றுக்கு உரிய அருமையான நேரம் வீணாகிறது. உண்மையில், கன்று ஊட்டுவதால் கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடி விழுவதற்கு உதவியாகிறது. பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் நஞ்சுக்கொடி விழாவிட்டால் அதில் கல்லைக் கட்டுவதும், கையால் இழுப்பதும் கூடாது. கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டியது. கன்றின் தொப்புளுக்குப் பிறந்தவுடன் டிஞ்சர் அயோடின் தடவுவது அவசியம்.

அடுத்த சத்துரு குடலிலுள்ள உருண்டைப் புழு. இப்புழுவின் குஞ்சுகள் தாய் எருமையின் தசைகளில் அடங்கிக் கிடந்து, ஈன்ற பின் பாலின் வழியாகக் கன்றுக்குள் புகுகின்றன. மூன்று வாரத்திற்குள் அவை குடலில் பெரும் புழுக்களாகின்றன. கன்று நாற்றமுள்ள வெளுத்த கழிச்சல் கழிந்து, வயிறு பருத்து, மயிர் சிலிர்த்து மெலிகிறது. இதைப் பால் மந்தம் என்று கருதிச் சிலர் பாலைக் குறைத்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தால் கன்று புழுவினால் ஒரு பங்கும் பசியினால் ஒரு பங்கும் கெடுகிறது. சீம்பாலை நிறுத்துவது இதற்குப் பரிகாரம் அன்று. பிறந்த பத்தாம் நாளுக்கு மேல் இருபத்தோராம் நாளுக்குள் மருத்துவர் குறித்த அளவில் புழு மருந்து கொடுத்தால், புழுக்கள் முட்டையிடுவதற்கு முன்பே வெளியேறிவிடும். கிடாரிக் கன்றைப் போலவே கடாக் கன்றையும் காப்பாற்றவேண்டும். கன்றை இழந்த எருமைகளிற் பல, பாலை அடக்கிக்கொண்டு விரைவில் வற்றிவிடுகின்றன.

தொண்டை அடைப்பான்

வளர்ந்த எருமைகளைக் கொல்லும் நோய்களுள் இது மிகக் கொடியது. பசுவைக் காட்டிலும் எருமையையே இது அதிகமாகப் பற்றும். அதிலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள இளங்கன்றுகள் எளிதில் இரையாகின்றன. இந்நோய்க் கிருமி சில மாடுகளின் தொண்டையில் யாதொரு தீங்கும் செய்யாமல் தங்கியிருக்கும். மழை, குளிர், பட்டினி, கடும் உழைப்பு ஆகியவற்றால் மாடு தளர்ந்த சமயம் பெருகி மற்றவற்றுக்கும் பரவும். கடுஞ்சுரம், எச்சில் ஒழுகல், தொண்டையில் சூடும் வலியுமுள்ள வீக்கம், சத்தத்துடன் கூடிய மூச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். ஓரிரு நாளில், சில வேளை ஓர் இரவிலேயே, மாடு இறந்துவிடும். வீக்கம் கண்டபின் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் பலிப்பதில்லை.

தடுப்பூசி ஒன்றே காவல். இராணிப்பேட்டையில் 1932-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது. ஊசியின் பலன் போட்ட அன்றே உண்டாவதில்லை. இரண்டு மூன்று வாரம் செல்லும். இப்பகுதியில் ஆடி முதல் மழை தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் பலக்குமாதலால், வைகாசி, ஆனியிலேயே வருஷந்தோறும் ஊசி போட்டுவிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் திண்டிவனத்துக்குக் கிழக்கேயுள்ள ஒரு கிராமத்தில் நான் நேரில் கண்டதை இங்கே சொல்கிறேன். ஐந்து எருமைகள் வைத்திருந்த குடியானவர் ஒருவர், மணிலா வேலை நெருக்கடியால் ஊசி முகாமுக்கு மாடுகளை ஓட்டிச் செல்லவில்லை. மழை பிடித்த வாரத்தில் ஒரு கிடாரி விடியற்காலையில் செத்துக் கிடந்தது. மறுநாள் ஆறு மாதச் சினையெருமை ஒன்றும் மாண்டது. அதே ஏரியில் படுத்தெழுந்த அண்டை வீட்டு எருமைகள் ஊசி போடப்பட்டிருந்தமையால் பிழைத்தன. "ஊசிக்கு ஒரு காசும் கேட்கவில்லை ஐயா, ஒரு பகலைத்தான் கேட்டார்கள், அதைக் கொடுக்க எனக்கு மனமில்லாமற் போயிற்று" என்று அவர் கூறினார். முகாமுக்கு இரண்டு நாள் முன்பு விதை விஷயமாக அவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த நானும் முகாமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது முதல் எந்த வேலையாகக் கிராமத்துக்குச் சென்றாலும் ஊசி நாளை நினைவூட்டாமல் திரும்புவதில்லை.

காலத்தில் போடும் ஊசி என்ன செய்யும் என்பதற்கு வெக்கை நோயின் சரித்திரமே சாட்சி. 1968-இல் முதுமலைக் காட்டெருமைகளையும் அந்நோய் மிகுதியாக அழித்தது. இடைவிடாத தடுப்பூசியினால் அது 2011-இல் உலகம் முழுவதிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

சினைப்படாமையும் கருச்சிதைவும்

எருமையின் சினைக்காலம் சுமார் பத்து மாதமும் பத்து நாளும் ஆகும். ஈன்ற மூன்று மாதத்திற்குள் மறுபடி சினைப்பட்டால் பதின்மூன்று, பதினான்கு மாதத்திற்கு ஒரு கன்று கிடைக்கும். ஒரு பருவம் கவனிக்கப்படாமற் போனால் இருபத்தொரு நாள் நஷ்டம்; மூன்று பருவம் தவறினால் இரண்டு மாதத் தீவனம் வீண். எருமை பசுவைப்போல் பருவத்தை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. இதையே ஊமைப் பருவம் என்பர். விடியுமுன்னும் இரவிலும் தொழுவத்தில் நின்று பார்க்கவேண்டும். அடிக்கடி சிறுநீர் விடுதல், அமைதியின்மை, கத்துதல், பால் குறைதல், படுத்திருக்கையில் கண்ணாடி போன்ற கோழை வடிதல் ஆகியவற்றால் பருவத்தை அறியலாம். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்யவேண்டியது. மூன்று மாதத்திற்குள் சினைப் பரிசோதனை செய்து, சினையில்லை என்றால் அன்றே தெரிந்துகொள்வது நலம்.

கருந்தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் உடைய எருமை வெயிலைத் தாங்காது. சித்திரை, வைகாசியில் நிழலும், நாளிருமுறை குளிப்பாட்டுதலும் இல்லையேல் பருவம் மங்கிவிடும். வைக்கோல் மாத்திரம் தின்னும் மாட்டுக்குப் பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் சேர்த்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த மணிலாப் பிண்ணாக்கை ஒருபோதும் கொடுக்கலாகாது.

ஆறு மாதத்திற்கு மேற்பட்ட கரு விழுமாயின் கருச்சிதைவு நோயாக இருக்கலாமென ஐயுறவேண்டும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. இந்நோய் மனிதருக்கும் தொற்றி நீடித்த சுரத்தை உண்டாக்கும். மருத்துவருக்குத் தெரிவித்தபின், சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைத்து, அம்மாட்டைத் தனியே கட்டிப் பாலை நன்கு காய்ச்சியே உபயோகிக்கவேண்டும். நான்கு முதல் எட்டு மாதமுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை போடும் ஊசி இதைத் தடுக்கும். 2019-இல் தொடங்கிய தேசீயத் திட்டத்தில் இவ்வூசியும் அடங்கும். எட்டாம் மாதம் கடந்தால் இதற்குரிய நாளும் கடந்தது.

கிராம அதிகாரிகளுக்கு

2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்று நோய்ச் சட்டப்படி, அட்டவணையிலுள்ள நோய் கண்டதாகச் சந்தேகம் ஏற்பட்டால் மாட்டின் சொந்தக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் அதைக் கால்நடை மருத்துவருக்கு எழுதி அறிவிக்கலாம். இந்த அறிவிப்பு ஒருநாள் தாமதித்தால் ஏரியைப் பொதுவாக உபயோகிக்கும் அண்டை ஊர்களும் நஷ்டமடையும். செத்த மாட்டை ஏரியிலோ வாய்க்காலிலோ எறிவதைத் தடுப்பதும் அவர்கள் கடமை. திடீரென்று இறந்து துவாரங்களில் இரத்தம் கசியும் மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ விடலாகாது.

ஞாபகக் குறிப்பு

முதல் இரண்டு மணிக்குள் சீம்பால். பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் புழு மருந்து. நான்கு முதல் எட்டு மாதத்திற்குள் கிடாரிக்குக் கருச்சிதைவு ஊசி. ஆறு மாதம் முதல் ஆண்டுதோறும் மழைக்கு முன் தொண்டை அடைப்பான் ஊசி. ஈன்ற இரண்டாம் மாதம் முதல் விடியற்காலையில் பருவம் பார்த்தல்.

ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் ஈன்ற தேதி, பருவம் கண்ட தேதி, கருவூட்டிய தேதி, ஊசி போட்ட தேதி ஆகிய நான்கையும் எழுதி வருவார்களாயின், மேற்கண்ட நாட்களுள் ஒன்றும் தவறாது. மணிலா விதைக்கும் நாளைத் தவறவிடாத நம் குடியானவர்கள், எருமைக்குரிய நாட்களையும் அவ்வாறே காப்பார்களாக.