உங்களுக்குத் தெரியுமா? தராசில் ஏறி தராசில் இறங்கும் காஞ்சிப் பட்டு!

காஞ்சிப் பட்டுக்கான பட்டு காஞ்சிபுரத்தில் விளைவதே இல்லை! கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகையில் பெரும்பகுதி குஜராத்தின் சூரத்திலிருந்து! இரண்டுமே வெளியூர்ச் சரக்கு. ஆனால் 2005-06-ல் புவிசார் குறியீட்டைத் தட்டிக்கொண்டு வந்தது யார்? காஞ்சிபுரம்தான்! முழுக்க முழுக்க கைவேலைக்குக் கிடைத்த பட்டா அது!

பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் உலகளந்த பெருமாள் கோயில் இருக்கிறதே, அதன் வரவு செலவை ஒரு காலத்தில் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? நெசவாளர்கள்! பட்டசாலிகள் என்ற அந்த நெசவாளர்களிடம் கோயில் கணக்கை ஒப்படைத்ததை உத்தம சோழனின் செப்பேடு சொல்கிறது. அது 10-ஆம் நூற்றாண்டு! ஆயிரம் வருடத்துக்கு முன்பே தறிக்காரர் கையில் கோயில் கணக்கு!

அந்தக் கணக்குப் புத்தி இன்றும் போகவில்லை. பாவு எனும் நெடுக்கிழை, ஊடை எனும் குறுக்கிழை, ஜரிகை எல்லாமே நிறுத்துத்தான் நெசவாளர் வீட்டுக்குப் போகும். நெய்த புடவை திரும்பி வந்ததும் மறுபடி தராசு! சேதாரம் போக எடை ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கேள்வி வரும். பெரிய பெரிய கம்பெனிகள் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் இருப்புக் கணக்கு, இங்கே ஒரு தராசில் முடிந்துவிடுகிறது!

ஒரு நெசவாளி, மகளுக்குப் பட்டுப்புடவை நெய்ய வேண்டும் என்பதற்காகப் பட்டு நூலை வாயில் அடக்கிக் கடத்துகிறான். இதுதான் ‘காஞ்சிவரம்’ படத்தின் கதை. சிறந்த படம், சிறந்த நடிகர் என 2 தேசிய விருதுகள்! பிரகாஷ்ராஜுக்கு அந்த விருதை வாங்கித் தந்தது இந்த எடைக் கணக்குதான்!

1 கிலோ கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேக வையுங்கள். வெளியே எடுத்தால் ஏறக்குறைய முக்கால் கிலோதான் இருக்கும்! யாரும் திருடவில்லை. பட்டின் மேலிருக்கும் பசை கரைந்து போய்விட்டது. அந்தப் பசை போனால்தான் மினுமினுப்பே வரும்!

அந்த 1 கிலோவுக்கு எத்தனை கூடு? 6 முதல் 8 கிலோ! ஒரு கூட்டின் எடை 2 கிராம்கூடத் தேறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,000 கூட்டுக்குக் குறையாது!

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் பக்கம் விடிகாலையில் போயிருக்கிறீர்களா? தெருவே தொழிற்கூடம்! தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து நீவிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். மழை வந்தால் அன்றைக்கு வேலை நின்றது!

ஒரு பாவில் பொதுவாக எத்தனை புடவை? 3! உங்கள் கல்யாணப் புடவையோடு ஒரே பாவில் பிறந்த இன்னும் இரண்டு புடவைகள் எங்கோ இருக்கின்றன!

இப்போது ஜரிகைக்கு வருவோம். பழைய அளவுப்படி அசல் ஜரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம். வெள்ளி விலை எகிறியதும் அளவு மாறியது: வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் வெறும் 0.5! 200 கிராம் ஜரிகை போட்ட புடவையில் எவ்வளவு தங்கம் தெரியுமா? 1 கிராம்! வெள்ளியோ 80 கிராம்!

இந்த ஜரிகைக்காக அரசே ஒரு கம்பெனி நடத்துகிறது. தமிழ்நாடு ஜரிகை லிமிடெட், காஞ்சிபுரம், தொடக்கம் 1971!

பாட்டியின் கிழிந்த பட்டுப்புடவையை விலைக்குக் கேட்டு வருகிறார்களே, அதைக் கட்டிக்கொள்ளவா? இல்லை, எரிக்க! துணி சாம்பலாகும், வெள்ளி தங்கும். புடவை நைந்த பிறகும் அதற்குள் இருக்கும் சரக்குக்கு மதிப்பு உண்டு!

உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். சாயம் பூசிய வேலை என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! அதுதான் கோர்வை! ஒரே தறியில் 3 நாடா ஓடும். நடுவில் ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவரால் ஆகாது. ஒரு புடவைக்கு இரண்டு பேர்! சேரும் கோடு பல் பல்லாகத் தெரிந்தால் அதற்கும் அழகான பெயர் உண்டு: தாழம்பூ ரேக்கு!

அந்த இரண்டாவது ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தையாக இருந்தது. இதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பெற்றவர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் அவர்கள். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, கர்நாடகம், உத்தரப்பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் அதில் இருந்தது. பட்டையும் ஜரிகையையும் துல்லியமாக நிறுத்த ஊர், அந்தச் சின்னக் கைகளின் உழைப்பைக் கணக்கில் எழுதவில்லை. பிறகு சிறப்புப் பள்ளிகள் வந்தன. பிள்ளைகள் தறியை விட்டுப் பலகையைப் பிடித்தார்கள். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்!

பட்டு ஊரிலிருந்தே பட்டுக்கு எதிராக ஒரு குரல்! காஞ்சி மகாபெரியவர்தான். புழுவைக் கொன்று எடுக்கும் பட்டு வேண்டாம் என்றார்!

கொல்லாமல் பட்டு எடுக்க முடியுமா? 1990-ல் இதைக் கேட்டவர், அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி! ஆந்திரக் கைத்தறி நிறுவனத்தில் இருந்த குசும ராஜையா அதை விடவில்லை. பூச்சி பறந்து போன பிறகு மிஞ்சிய கூட்டைப் பஞ்சு நூற்பதுபோல் நூற்றார். அதுதான் அகிம்சா பட்டு! காப்புரிமையும் வாங்கிவிட்டார்!

கைத்தறித் துணி தேங்கினால் என்ன செய்வது? 1953-ல் அண்ணாவும் தி.மு.க. தோழர்களும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள்! அண்ணா பிறந்தது எங்கே? காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில்!

புடவை உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது 1985-ஆம் வருடச் சட்டம். ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்தால் சிறைத் தண்டனை வரை போகலாம்!

நெய்தவர் முகத்தைப் பார்த்துப் புடவை வாங்கியதுண்டா? உ. சகாயம் நிர்வாக இயக்குநராக இருந்தபோது கோ-ஆப்டெக்ஸ் புடவைகளில் நெசவாளரின் பெயரும் படமும் போட்ட அட்டை தொங்கியது!

அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறீர்களா? சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள். புடவையைத் திருப்பிப் போட்டு, கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கோர்வையா என்று கேளுங்கள். அப்படியே நெய்தவர் பெயரையும் கேட்டுவிடுங்கள்!